தட்டு மாத்தின லைசென்ஸ்

லைசென்ஸ் இல்லைன்னு யாருங்க தம்பி உங்ககிட்டச் சொன்னது? இல்ல, யாரு சொன்னதுங்கறேன். வாட்ஸப்புல எவனோ எழுதிப்போட்டா அது நெசமாயிருமா? வாசப்படியில நின்னுக்கிட்டு, இருந்துதா இல்லையா ஒத்த வார்த்தையில சொல்லுங்கம்மான்னா நான் எப்படிச் சொல்றது? ஒத்த வார்த்தையில சொல்றதுக்கு இதென்ன ரேசன்ல சக்கரை வந்திருச்சாங்கற கேள்வியா? செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க. அந்தச் சேர்ல உக்காராதீங்க, அது ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

பேரு கார்வேந்தன்னு சொன்னீங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி. எம்பேரன் தரணி செய்யற பின்பால் விளையாட்டு மிஷினுக்கு முன்பணம் கட்டிப்போட்டுக் காத்திருக்கறவங்க எல்லாருமாச் சேந்து ஒரு குரூப்பு வெச்சிருக்கீங்க, அதுக்கு நீங்கதான் பெரிய தலை. இன்னைக்குப் பொழுதோட நுகர்வோர் கோர்ட்டுக்குப் புகார் போகுது. நீங்க கையெழுத்துப் போட்டா மத்தவங்களும் போட்டுருவாங்க. போட்டாங்கன்னா தரணி கம்பெனியச் சாத்திட்டு ஊட்டுல உக்காந்துக்க வேண்டியதுதான். எல்லாந் தெரியுமுங்க எனக்கு. தெரிஞ்சுதான் கதவத் தொறந்தேன். அவன் மெட்ராஸ் போகயில, யாரு வந்தாலும் தொறக்காதீங்க அப்பத்தா, வாயே தொறக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனான். அதா, எம்மருமக கலாமணி கதவு நிலவுக்கிட்ட நின்னு கண்ணைக் காட்டறா பாருங்க. காட்டட்டும். இவ கண்ணைக் காட்டி நான் எந்தக் காலத்துல பேச்ச நிறுத்தியிருக்கறேன்.

நான் பேசாம வேற யாரு பேசறது? உங்களுக்கெல்லாம் மிஷினு வித்தது தரணியா? நானு. அந்த விளம்பர வீடியோவுல மிஷின்ல குண்டை அடிச்சு விளையாடிப்போட்டு, "நம்பிக் கட்டுங்க கண்ணுகளா, பாவாத்தாள் சொல்றேன்"னு சொல்றது யாரு? என்ற மூஞ்சியப் பாத்துத்தான் கட்டினேன்னு நீங்களே சித்த முன்னால சொன்னீங்க. அப்ப என்ற மூஞ்சி வேணும், என்ற பேச்சு மட்டும் வேண்டாமா?

கோவம்தானுங்க. கோவம் வராம? திருட்டுக் கம்பெனின்னு சொல்லிப்போட்டீங்க. எங்கூட்டுக்காரரு ஆவாரம்பாளையத்துல பட்டறை வெச்சிருந்தப்ப, ஒரு பம்பு திரும்பி வந்ததில்லீங்க. ஒண்ணே ஒண்ணு வந்துது, அது பல்லடத்துக்காரரு ஒருத்தரு, மோட்டாரு ஓடலைன்னு வண்டி கட்டி ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. பிரிச்சுப் பாத்தா உள்ள ஓணான். ஓணான் பூந்து செத்துக் கெடக்குது. எங்கூட்டுக்காரரு ஒரு வார்த்தை பேசலையே. ஓணானை எடுத்துப் போட்டுட்டு, புது மோட்டாரே குடுத்தனுப்பினாரு. அந்தப் பட்டறையிலதான் இப்ப இவன் மிஷினு செய்யறான். அந்த இடத்த நீங்க திருட்டுக் கம்பெனிங்கறீங்க.

வெளிநாட்டுல படிக்கப் போனவன், படிச்சுட்டு உத்தியோகத்தோட வருவான்னு பாத்தா, இந்த மிஷின் மேல பைத்தியம் புடிச்சு வந்தான். முதல்ல எனக்கும் ஒண்ணும் வெளங்கலை. சாஞ்ச மேசை, மேல கண்ணாடி. உள்ள ஒரு எஃகுக் குண்டு. பக்கத்துக்கு ஒரு பொத்தான். அமுக்கினா உள்ள ரெண்டு துடுப்பு டப்பு டப்புன்னு குண்டைத் தூக்கி அடிக்குது, அது போயி மணியில முட்டுது, விளக்கு எரியுது. இதுக்குப் போயி இவ்வளவு காசான்னேன். அப்பறம் ஒருநாள் நின்னு ஆடிப் பாத்தேன் பாருங்க, அன்னைக்கு அடுப்புல பருப்புத் தீஞ்சு தெருவே மணந்துது. அந்தத் துடுப்ப இழுக்கற செம்புக்கம்பிக் காயில் இருக்குதுல்ல, அதைக் கட்டறது நம்ம மோட்டார்க் காயில் கட்டற பொம்பளைங்கதான். வெளிநாட்டுக் காயிலவிட நல்லா அடிக்குதுன்னு தரணியே சொன்னான்.

ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா, அந்த மிஷின ரொம்ப முட்டினா நின்னுரும். குண்டு ஓட்டைக்குள்ள போறதப் பாத்துட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்க எனக்கு முடியறதில்ல, ஒரு முட்டு முட்டிருவேன். உடனே விளக்கெல்லாம் அணைஞ்சு துடுப்புச் செத்துப்போயிரும். "முட்டாதீங்க அப்பத்தா, முட்டினா ஆட்டம் போயிரும்"பான். நீங்க இப்பப் பண்றதும் அதுதானுங்க தம்பி. கோர்ட்டு, புகாருன்னு ஆளாளுக்கு முட்டினா நின்னு போகும். அப்பறம் யாருக்கும் ஆட்டமில்ல.

வர்றேன், லைசென்ஸுக்குத்தான் வர்றேன். படத்தச் சொல்லாம லைசென்ஸ எப்படிச் சொல்றது?

சுழல்வாள் சுந்தரன். உங்கப்பாவுக்கு அந்தப் படம்னா உசுருன்னு சொன்னீங்கல்ல. காலு ரெண்டும் விழுந்துபோச்சு, கை மட்டும் நல்லா இருக்குது, கட்டல்ல சாஞ்சுக்கிட்டே ரெண்டு விரல்ல ஆடறாப்பல ஒரு விளையாட்டு, அதுலயும் சுந்தரன் மூஞ்சி, அதுக்குத்தான் கட்டினேன்னு. அதக் கேட்டப்ப எனக்கு எப்படியோ ஆயிப்போச்சுங்க. அதனாலதான் உங்கள உள்ள வரச் சொன்னேன், இல்லாட்டி வாசல்லயே வெச்சு நாலு கேட்டு அனுப்பியிருப்பேன்.

அந்தப் படம் எங்க படமுங்க. ஆமாங்க, எங்க படந்தான். எடுத்தவரு நமசிவாயம்னு ஒரு முதலாளி, இங்க கோயமுத்தூர்லயேதான் எடுத்தாரு. சுந்தரன் கையில ஒரு வாளு சுத்துமே, காத்தாடியாட்டம், அதைக் கடைஞ்சது யாரு? எங்கூட்டுக்காரரு. எங்க லேத்துல. சினிமாக்காரங்க செஞ்ச வாளு சுத்தயில கழண்டுபோயி ஒருத்தன் காதை உரசிருச்சு, அப்பறம்தான் நம்ம பட்டறையத் தேடி வந்தாங்க. ஷூட்டிங்குக்குக் குதிரை கொண்டுவந்து எங்க காலி இடத்துலதான் கட்டினாங்க. அதுல ஒரு வெள்ளைக் குதிரை, சனியன், என்ற எருமைக்குப் போட்ட சோளத்தட்டையத் தின்னுபோட்டு என்ற முந்தானையையும் கடிச்சுது. பட்டுச் சீலை. நமசிவாயத்தோட சம்சாரம் சௌந்தரம்மா அப்ப அங்கதான் இருந்தாங்க, கீழ விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மறுநாள் அதே நெறத்துல ஒரு சீலை வாங்கிக் குடுத்தனுப்பினாங்க. அப்படி ஆனது எங்க பழக்கம்.

இப்பச் சொல்லுங்க. வாளு எங்க வாளு, குதிரை எங்க தட்டையத் தின்ன குதிரை. அந்தப் படத்த ஒரு மிஷின்ல ஒட்டறதுக்கு எவன்கிட்டயோ லைசென்ஸ் வாங்கோணுமாமா?

சரி, வாங்கோணும்னான் தரணி. படம் எடுத்தவங்ககிட்ட முறையாக் கேட்டு, எழுதி வாங்கினாத்தான் சுந்தரன் மூஞ்சியப் போட முடியும், இல்லாட்டி அப்பத்தா, வேற படம் போட்டுக்கறேன்னான். வக்கீலு பாக்கறேன்னான். வக்கீலு எதுக்குடா, சௌந்தரம்மா இருக்கறாங்க, நான் போறேன்னேன்.

போனேன். சும்மா போகலை. ஒரு காரியம் பேசி முடிக்கறதுன்னா எங்கள்ல தட்டு மாத்திக்குவோம், உங்கள்லயும் அப்படித்தானே? பொண்ணக் குடுத்தாலும் தட்டு, பூமி விலை பேசினாலும் தட்டு. வெத்தலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் வெச்சு, என்ற பெரிய வெள்ளித் தட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். எனக்கும் அவரு இல்ல, அந்தம்மாவுக்கும் அவரு இல்ல, ரெண்டு தாலியில்லாத பொம்பளைங்க தட்டு மாத்தலாமான்னு கலாமணி கேட்டா. ஏன், நாங்க பேசினாப் பேச்சில்லையான்னு கேட்டுட்டுப் போனேன்.

அந்தம்மா ரொம்பத் தளந்துபோயிட்டாங்க. காதும் மந்தம். ஆனா என்னப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுது, குதிரைய நெனச்சுச் சிரிச்சாங்க. விசயத்தச் சொன்னேன். பேரன் மிஷினு செய்யறான், சுந்தரன் மூஞ்சி வேணும்னேன். "உங்களுக்கில்லாததா பாவாத்தா, எடுத்துக்குங்க"ன்னாங்க. கேட்டுக்குங்க தம்பி, எடுத்துக்குங்கன்னாங்க. அப்பறம் என்னமோ சொல்ல வந்தாங்க. "அவரு கடைசி காலத்துல அந்தப் படத்த ஒருத்தருகிட்ட"ன்னு ஆரம்பிச்சாங்க. மூஞ்சி வாடிப்போச்சு. அவரு போன நெனப்பு வந்து அழுதுருவாங்களோன்னு நாந்தான், பழசெல்லாம் இப்ப எதுக்குங்க, விடுங்கன்னு பேச்ச மாத்திட்டேன். மவனக் கேட்டுக்கறேனேன்னாங்க. ஆம்பளைங்களக் கேட்டா அவங்க நாளு பாப்பாங்க, நாம முடிச்சுக்கலாம்னு தட்ட நீட்டிட்டேன். நீட்டின தட்ட யாரு வேண்டாம்பாங்க? வாங்கிக்கிட்டாங்க. அவங்க ஒரு தட்டுல பழம் வெச்சு எனக்குக் குடுத்தாங்க. அவங்க தட்டு எங்கிட்ட, என்ற தட்டு அவங்ககிட்ட. முடிஞ்சுதா இல்லையா?

ஊட்டுக்கு வந்ததும் தரணி, "லைசென்ஸ் ஆச்சா அப்பத்தா"ன்னான். ஆச்சுன்னேன். "எழுதிக் குடுத்தாங்களா"ன்னான். அதெல்லாம் வரும், அவங்க மவன் அனுப்புவான்னேன். அனுப்பாமயா போயிருவான்னு நெனச்சேன். ஆச்சுன்னா ஆச்சுதானுங்க. அதுல என்ன பொய்யி?

அப்பறம் மிஷின வெச்சுக் காட்டின அந்தப் பொருட்காட்சி. நீங்களும் வந்திருந்தீங்களாம்ல. ஒருத்தன் மைக்க வாங்கிக் கேட்டானே, இந்தப் படத்துக்கு உங்ககிட்ட உரிமை இருக்குதான்னு. தரணி இந்தப் பக்கம் பாக்கறான், அந்தப் பக்கம் பாக்கறான். பேப்பரு இன்னும் வந்து சேரலைங்கற வெசனம் அவனுக்கு. நான் விடுவேனா? முன்வரிசையில இருந்து எந்திரிச்சு, எல்லாம் முறையா ஆயிருச்சு, நானே போயி முடிச்சுட்டு வந்தேன்னு சொன்னேன். அத்தனை பேரும் கை தட்டினாங்க. அன்னைக்குப் பூராக் கூட்டம். நீங்களும் அன்னைக்குத்தான் கட்டினதாச் சொல்றீங்க. அப்பக் கை தட்டின கைதானே, இப்பத் திருட்டுக் கம்பெனின்னு எழுதுது?

அப்பறம் மெட்ராஸ்ல இருந்து ஒரு கம்பெனி நோட்டீஸ் விடுது. படத்தோட நெகட்டிவு, பேரு, மூஞ்சி எல்லாம் அவங்களுதாம். நமசிவாயத்துக்கு அடுத்த படம் கையக் கடிச்சு, கடனுக்கு இதை எழுதிக் குடுத்துட்டாராம். அது எத்தனையோ வருசமாச்சாம். எனக்கென்னங்க தெரியும்? எங்கிட்ட யாரு சொன்னா? ஒருத்தராச்சும் ஒரு வார்த்தை சொன்னாங்களா?

நான் என்ன சொல்றேன்னா, கடனுக்குக் குடுத்தது நெகட்டிவு. அது ஒரு டப்பா. சுந்தரனையுமா டப்பாவுக்குள்ள போட்டுக் குடுத்தாங்க? ஏன் சிரிக்கறீங்க? தரணியும் இப்படித்தான், இதச் சொன்னதும் தலையில கைய வெச்சுக்கிட்டுச் சிரிச்சான். அப்பறம் எந்திரிச்சுப் போயிட்டான். பட்டறையில போயி, ஒட்டி வெச்சிருந்த சுந்தரன் மூஞ்சியெல்லாம் ஒவ்வொண்ணாச் சொரண்டிக்கிட்டு இருந்தானாம். நாலு நாளு எங்கிட்டச் சரியாப் பேசலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல, திட்டவே இல்லை, அதுதான் எனக்குப் பொக்குன்னு போச்சு.

சரி, அதுகூடப் போகட்டும். நோட்டீஸ் விட்டவன் யாரோ எவனோ. அந்தச் சௌந்தரம்மா மவன் மனோகரு என்ன பண்ணினான் தெரியுமுங்களா? என்ற தட்டத் திருப்பி அனுப்பிட்டான். எதுல? கூரியர்ல. பழைய பேப்பர்ல சுத்தி, டேப்பு ஒட்டி, மேல வெறும் பாவாத்தாள்னு பேரு. "எங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு ஒரு துண்டுச் சீட்டு. எங்க மாமியா எனக்குக் குடுத்த தட்டுங்க அது. தட்டத் திருப்பறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். பொண்ணு ஊட்டுக்காரங்க தட்டத் திருப்பினா ஊரே பேசும். அதையும் நேருல வந்து வெச்சுட்டுப் போகோணும், அதுக்கும் ஒரு மொறை இருக்குது. கூரியர்க்காரன் கையெழுத்துப் போடுங்க பாட்டிங்கறான். போட்டேன். போட்டுட்டு அதைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே பூசை அறைக்குள்ள கெடக்குது.

ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. அவங்க தட்டு இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது. அதைத் திருப்பிக் கேக்கலையே அவன். கேக்கலைன்னா பேச்சு முறியலைன்னுதானே அர்த்தம்? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க.

என்னங்க அது, போனு? தரணி எழுதினதா? எப்ப? இன்னைக்குக் காலையிலயா, குரூப்புலயா? எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது, நீங்களே படிங்க. கலாமணி, நீயும் வந்து கேளு. ஓ, உனக்கு முன்னமே தெரியுமாக்கும்.

படிங்க.

இன்னொருக்காப் படிங்க. மெதுவா.

"சுழல்வாள் சுந்தரனுக்கான உரிமம் எங்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை. இருக்கிறதா என்று சரிபார்க்காமல் விற்றது நான். தவறு முழுக்க என்னுடையது. சுந்தரன் இல்லாத மிஷின் வேண்டாம் என்பவர்களுக்குப் பணம் திரும்ப வரும். ஒரே ஒரு வேண்டுகோள். என் அப்பத்தா வீடியோவுக்குக் கீழே அவரைத் திட்டி எழுதுவதை நிறுத்துங்கள். அவருக்கு இதில் சம்பந்தம் இல்லை."

சம்பந்தம் இல்லையா?

எனக்குச் சம்பந்தம் இல்லையா? போயிப் பேசினது நானு, தட்டு மாத்தினது நானு, மைக்கு முன்னால எந்திரிச்சு நின்னது நானு. இவன் யாரு என்னச் சம்பந்தம் இல்லைன்னு சொல்றதுக்கு? தவறு என்னுடையதாம். யாரு தவறு பண்ணினா? தவறே நடக்கலையேப்பா. முறையா முடிச்ச காரியத்தத் தவறுன்னு ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டானே, இதவிட என்னை வேற யாரு அவமானம் பண்ண முடியும்? அந்த மனோகரு தட்டத்தான் திருப்பினான். இவன் என்ற வார்த்தையவே திருப்பிட்டான்.

திட்டி எழுதினாங்களா என்னை? என்னன்னு எழுதினாங்க? வேண்டாம், படிக்க வேண்டாம். நீங்களும் எழுதினீங்களா? இல்லைன்னா நம்பறேன். தலையக் குனியாதீங்க, நம்பறேன்னு சொல்லிட்டேன்ல. கலாமணி, நீ எதுக்கு இப்ப மூக்கை உறிஞ்சற? போயி மூஞ்சியக் கழுவு. இல்ல, இரு, ஒரு வேலை இருக்குது.

எந்திரிக்காதீங்க தம்பி. உக்காருங்க. கையெழுத்து நான் போடலைம்மான்னு மெதுவாச் சொன்னா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா? கேட்டுது. காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. போடாம விடறது எனக்காகவா, பாவம் கிழவின்னா? அதெல்லாம் வேண்டாம். பாவம் பாத்து யாரும் எதுவும் செய்ய வேண்டாம் எனக்கு. உங்கப்பாவுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க. சுந்தரன் மூஞ்சி வேணும். மூஞ்சி இல்லாத மிஷினு வேண்டாம். அவ்வளவுதானே?

அந்த மெட்ராஸ் கம்பெனி எங்க இருக்குதுன்னு தரணிக்குத் தெரியும். அங்கதான் போயிருக்கறான், பேச. அவனுக்கு என்ன பேசத் தெரியும், கம்ப்யூட்டரத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நான் போறேன். அந்தக் கம்பெனி முதலாளிக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல? இல்லாமயா போயிருவாங்க. அவங்க எங்க இருக்கறாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்.

தைப் பொங்கல் நோம்பிக்குள்ள உங்கப்பா கட்டலுக்கு முன்னால மிஷினு நிக்கும். சுந்தரன் மூஞ்சியோட. பாவாத்தாள் சொல்றேன். என்னங்க அப்படிப் பாக்கறீங்க? வெறும் வார்த்தையாச் சொல்லி உங்கள அனுப்பிருவேன்னு நெனச்சீங்களா?

கலாமணி. ஏ கலாமணி, எங்க போயி நிக்கற? அந்தச் சௌந்தரம்மா தட்டு வேண்டாம், அது இருக்கட்டும். நம்ம தட்டு, பூசை அறையில, கூரியர்ல வந்துதே. அந்தப் பேப்பரைப் பிரிச்சு எறிஞ்சுட்டு, புளி போட்டு நல்லாத் தேச்சுக் கழுவி, வெத்தலை பாக்கு வெச்சு எடுத்துக்கிட்டு வா.